காது கேளாத கைவினைஞரும் நகைப் பட்டறையும்: ஜார்ஜ் ஹண்ட்டை முன்வைத்து

கேள்வி இதுதான்: "ஜார்ஜ் ஹண்ட் என்ற ஆங்கிலேய நகைக் கலைஞர் சிறு வயதிலிருந்தே காது கேளாதவர் என்று படித்தேன். தட்டுவதும் ஊதுவதும் ராவுவதுமாக இருக்கும் பட்டறையில் காது கேட்காமல் எப்படி வேலை செய்தார்? அந்தக் குறை அவர் செய்த நகைகளில் தெரிகிறதா?"

இரண்டாவது கேள்விக்கு விடை ஒரே சொல்: இல்லை. முதல் கேள்விதான் பெரியது. நகை வேலையில் காதுக்கு வேலை உண்டு, ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. காது சொல்லும் சேதி ஒவ்வொன்றையும் கண்ணோ விரலோ வேறு வழியில் சொல்லிவிடும். காது கேளாதவருக்கு உண்மையான இடைஞ்சல் பட்டறை மேசையில் இல்லை. பள்ளிக்கூடத்திலும், கூலி பேசும் இடத்திலும், வாடிக்கையாளர் முன்னாலும்தான் இருந்தது.

ஹண்ட் 1892 முதல் 1960 வரை வாழ்ந்தவர். பர்மிங்ஹாம் கலைப்பள்ளியில் பயின்றவர். இயந்திர உற்பத்திக்கு எதிராகக் கைவேலையை முன்னிறுத்திய ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கத்தின் உச்சகாலம் முதல் உலகப்போருக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனாலும் இரண்டு போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பாணியை விடாமல் பிடித்திருந்த சிலரில் இவரும் ஒருவர். லண்டனில் சிபில் டன்லப்பும் டோரி நாசிட்டரும் அதே காலத்தில் அதே வழியில் போனவர்கள்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாமில் நகைத் தொழிலுக்கென்றே ஒரு வட்டாரம் உண்டு. அந்தக் காலத்தில் அங்கே ஒரு புரோச் (உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகை) ஒருவர் கையில் உருவாகாது. அச்சில் அடிப்பவர், உறுப்புகளைப் பற்றவைப்பவர், கல் பதிப்பவர், எனாமல் (உருக்கிய கண்ணாடிப் பூச்சு) போடுபவர், மெருகு போடுபவர், முலாம் பூசுபவர் என்று தெருத்தெருவாகக் கைமாறும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் வாய்ப்பேச்சு இருக்கும். "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒடுக்கு", "வியாழக்கிழமைக்குள் வேண்டும்", "டஜனுக்கு இவ்வளவு" என்று எல்லாம் காதுவழி நடக்கும். காது கேளாத இளைஞன் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக உட்கார்ந்தால், ஒரே ஒரு வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்காரர்கள் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள்: வரைந்தவனே வெட்ட வேண்டும், வெட்டியவனே பற்றவைக்க வேண்டும், அவனே கல்லைப் பதிக்க வேண்டும். அவர்கள் இதைச் சொன்னது தொழிலாளியின் மானத்துக்காக. காது கேளாதவருக்கு அதிலே யாரும் உத்தேசிக்காத ஒரு சலுகை கிடைத்தது. நகையின் எல்லாக் கட்டங்களும் ஒரே தலைக்குள் இருந்தால் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஹண்ட்டைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல் என்பது என் கருத்து.

நகை வட்டாரத்தில் விட்டோரியா தெருவில் 1890-இல் தொடங்கிய பள்ளி, கலைப்பள்ளியின் கிளை. நகை, வெள்ளி வேலைக்கென்றே நடந்தது. 1903 முதல் 1924 வரை ஆர்தர் காஸ்கின் அதன் தலைவர். அவரும் மனைவி ஜார்ஜியும் சேர்ந்து செய்த நகைகள்தான் பர்மிங்ஹாம் பாணிக்கு அடையாளம்: சின்னச்சின்ன வெள்ளி இலைகள், சுருட்டிய கம்பி, மணிமணியாக உருண்டைகள், நடுவே சந்திரகாந்தக்கல்லோ ஓப்பலோ. தாய்ப்பள்ளியில் 1910 முதல் உலோக வேலை கற்பித்தவர் பெர்னார்ட் கஸ்னர். கைவேலையைச் செய்துகாட்டித்தான் சொல்லித்தர முடியும் என்பது காது கேளாத மாணவனுக்கு நல்லதுதான். ஆனால் ஒரு சிக்கல்: ஆசிரியர் குனிந்து கையைக் காட்டும்போதே பேசுவார். கையைப் பார்த்தால் உதடு தெரியாது, உதட்டைப் பார்த்தால் கை தெரியாது. மாலை வகுப்பில் விளக்கு வெளிச்சமும், அந்தக் காலத்து மீசையும் சேர்ந்தால் உதட்டைப் படிப்பது பாதி ஊகம்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1880-இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகை மொழியைத் தள்ளிவிட்டு வாய்ப்பேச்சை மட்டும் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் நிழல் ஐரோப்பா முழுக்க விழுந்தது. பிரிட்டனில் காது கேளாத பிள்ளைகளுக்கு 7 வயது முதல் 16 வரை கல்வியைக் கட்டாயமாக்கிய சட்டம் 1893-இல் வந்தது. ஹண்ட் பிறந்து ஓராண்டுக்குப் பின். அவர் தலைமுறைக் குழந்தைகளுக்குப் பள்ளி கிடைத்தது, ஆனால் பல பள்ளிகளில் கை அசைவுக்கு இடமில்லை. உதட்டைப் படிப்பதில் என்ன கஷ்டம் என்று தெரிய வேண்டுமானால் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் "பாடு", "மாடு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றேபோல் இருக்கும். ஆங்கிலத்தில் இதைவிட ஆபத்து எண்களில்: ஃபிஃப்டீன் என்பதும் ஃபிஃப்டி என்பதும் உதட்டில் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலை பேசும் தொழிலில் பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுதி வாங்குவது ஒன்றே வழி.

சரி, பட்டறை மேசைக்கு வருவோம். பர்மிங்ஹாம் பாணி புரோச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் 10×8 மி.மீ. நீள்வட்ட சந்திரகாந்தக்கல், சுற்றி எட்டு இலை, இடையிடையே மணிகள்.

முதல் வேலை இலை வெட்டுவது. 0.5 மி.மீ. தடிமன் ஸ்டெர்லிங் வெள்ளித் தகடு. ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. மெல்லிய கம்பி ரம்பத்தில் அலகை மாட்டியதும் காது கேட்பவர்கள் அதைச் சுண்டிப் பார்ப்பார்கள். "டிங்" என்று மேல்சுதியில் ஒலித்தால் இறுக்கம் சரி, மந்தமாக ஒலித்தால் தளர்வு. காது இல்லாமல் செய்வதானால் கட்டைவிரல் நகத்தால் அலகின் நடுவைப் பக்கவாட்டில் அழுத்த வேண்டும். கொஞ்சம்கூட வளையக் கூடாது, வளைந்தால் இலையின் முனையில் திரும்பும்போது அலகு ஒடியும். ஒடிவதைக் கேட்க வேண்டியதே இல்லை, கைப்பிடி சட்டென்று துள்ளும்.

வெட்டிய இலைக்கு நரம்பு கீற உளி வேண்டும். உளி கூர்மையா என்று நகத்தின் மேல் லேசாக வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் பொதுவான சோதனை. பிடித்தால் கூர், வழுக்கினால் மறுபடி தீட்ட வேண்டும். பிறகு இலையை அரக்கிலோ ஈயக் கட்டையிலோ வைத்துக் குழிவாகத் தட்டுவார்கள். ஈயத்தில் தட்டினால் ஒரு எச்சரிக்கை உண்டு. வெள்ளியில் ஒரு துளி ஈயம் ஒட்டியிருந்தாலும், பின்னால் நெருப்புக் காட்டும்போது அந்த இடம் அரித்து ஓட்டை விழும். இடையில் ஒரு காகிதமோ தோலோ வைத்தால் போதும்.

தட்டும் வேலையில்தான் காதுக்கு உண்மையாகவே பெரிய பங்கு. பட்டறைக்கல் போன்ற இரும்பு முட்டின் மேல் தகட்டை வைத்துச் சமன்படுத்தும்போது, சுத்தியலும் தகடும் அடியிலுள்ள இரும்பும் ஒரே புள்ளியில் சந்தித்தால் கணீரென்று ஒலிக்கும். தகடு அந்த இரும்பைத் தொடாமல் அந்தரத்தில் இருந்தால் "தொம்" என்று மந்தமான ஒலி வரும், அங்கே பள்ளம் விழும். கேட்பவர்கள் ஒலியை வைத்தே தகட்டை நகர்த்துவார்கள். கேளாதவருக்கு இடது கை அதைச் சொல்லும். வெற்று அடியில் தகடு விரலில் சுளீரென்று துள்ளும், சரியான அடியில் அசையாது. கண்ணும் சொல்லும்: சரியான அடி ஒரு சிறு பளபளத் தட்டையை விட்டுப்போகும், வெற்று அடி மங்கிய பள்ளத்தை விடும். அடி வைத்த தடத்தை மெருகிட்டு மறைக்காமல் விடுவது இந்த இயக்கத்தின் வழக்கம். அதனால் கை தவறினால் நகையிலேயே நிற்கும். இந்தத் தடத்தை இயந்திர அச்சிலேயே போட்டு விற்ற கடைகளும் உண்டு. லண்டன் லிபர்ட்டி கடை சிம்ரிக் என்ற பெயரில் விற்ற வெள்ளிச் சாமான்களில் பலவும் பர்மிங்ஹாம் ஹேஸ்லர் தொழிற்சாலையில் அப்படி அடித்தவைதான். அடையாளம் எளிது, ஒரே வரிசைத் தடம் இரண்டு நகைகளில் அச்சு மாறாமல் இருக்கும்.

தட்டத்தட்ட வெள்ளி இறுகும். இறுகியதும் 600–650 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றி இளக்க வேண்டும். அந்தச் சூட்டில் வெள்ளி மங்கலான சிவப்பு காட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று இன்னும் ஊதினால் 890-ஐ நெருங்கும்போது தகடு சரிந்துவிடும். அதனால்தான் பட்டறையில் ஊதும் இடம் இருட்டு மூலையில் இருக்கும். இங்கே ஒரு முரண். உதட்டைப் படிப்பவருக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், ஊதுபவருக்கு இருட்டு வேண்டும். ஊதிக்கொண்டிருக்கும்போது யாரும் பேச வராமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

மணிகள் செய்வது சுலபம், பார்க்கவும் அழகு. 0.7 மி.மீ. கம்பியை ஒரு ஆணியில் சுருளாகச் சுற்றி, வெட்டி, சமமான வளையங்களாக்கிக் கரிக்கட்டைக் குழிகளில் ஒவ்வொன்றாக வைத்து ஊதினால் உருகித் தானே உருண்டு நிற்கும். வளையங்கள் ஒரே அளவாக இருந்தால்தான் மணிகளும் ஒரே அளவாக வரும்.

அடுத்து கல்லுக்கான கூடு. இதற்கு ஸ்டெர்லிங்கைவிடச் சுத்த வெள்ளி நல்லது, மெத்தென்று மடங்கும். 0.3 மி.மீ. தடிமன் பட்டை. 10×8 கல்லுக்குச் சுற்றளவு ஏறக்குறைய 28.4 மி.மீ. வளைவில் பட்டையின் தடிமனுக்காக இன்னும் ஒரு மி.மீ. சேர்த்து, 29-க்குச் சற்று மேல் வெட்டி, வைத்துப் பார்த்து ராவிக்கொள்ள வேண்டும். உயரம் கல்லின் வளைவு உள்ளே திரும்பத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வந்தால் போதும். உயரம் கூடினால் மடக்கும்போது சுருக்கம் விழும், கல்லையும் மறைக்கும். குறைந்தால் கல் நிற்காது.

பற்றவைப்பதற்கு வருவோம். நம் ஆசாரிகள் பொடி வைத்து ஊதுவது போலத்தான். அங்கே பொடிக்குப் பதில் அரை மி.மீ. சதுரமாக நறுக்கிய பற்றுத் துணுக்குகள்; பற்று என்பது வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருகி இரண்டு உறுப்புகளை ஒட்டும் உலோகக் கலவை. வெங்காரக் (போராக்ஸ்) கட்டியைச் சிலேட்டுத் தட்டில் தண்ணீர் விட்டு உரசிப் பால்போல் எடுத்து, இணையும் இடத்தில் தடவி, துணுக்குகளைத் தூரிகை நுனியால் வைப்பார்கள். பற்றில் வகைகள் உண்டு. கடினமானது 745–778 டிகிரியிலும், நடுத்தரமானது 720–765-லும், எளிதானது 705–723-லும் உருகும். கூட்டைக் கடினப் பற்றிலும், இலை மணிகளை நடுத்தரத்திலும், பின்பக்க ஊசியையும் கொக்கியையும் எளிதானதிலும் வைப்பார்கள். வரிசை மாறினால் இரண்டாவது ஊதலில் முதல் இணைப்பு கழன்று விழும்.

ஊதும்போது காது கேட்பவர் வெங்காரம் பொரிவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பொரியும் சத்தம் அடங்கினால் நீர் வற்றியது, இனி நெருப்பைக் கூட்டலாம் என்று அர்த்தம். கேளாதவர் அதே சேதியைப் பார்க்கிறார். வெங்காரம் முதலில் வெள்ளையாக உப்பி எழும், பிறகு படுத்து, கடைசியில் கண்ணாடிபோல் தெளியும். உப்பும் கட்டத்தில் அவசரப்பட்டால் துணுக்கும் மணியும் இடம்பெயர்ந்து உட்காரும். தெளிந்த பிறகுதான் முழு நெருப்பு. பற்று எப்போதும் அதிகச் சூடான பக்கம் ஓடும். இலை சின்னது, சீக்கிரம் சூடேறும், பின்தகடு பெரியது. அதனால் நெருப்பைத் தகட்டின் மேல் சுழற்ற வேண்டும். நேராக இலையில் காட்டினால் பற்று இலைமேல் ஏறி நரம்பையெல்லாம் நிரப்பிவிடும், இணைப்பு வெறுமையாக நிற்கும். பற்று ஓடும் கணம் இணைப்பு நெடுக ஒரு வெள்ளிக் கோடு மின்னும். அந்தக் கணத்துக்குச் சத்தமே கிடையாது. காது கேட்பவரும் கேளாதவரும் அங்கே சமம்.

உண்மையான ஆபத்து எரிவாயு. வாயால் ஊதும் குழலுக்கு நிலக்கரி வாயு குழாயில் வரும். சுடர் அணைந்து வாயு மட்டும் சீறிக்கொண்டிருந்தால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும், கேளாதவருக்கு மூக்குதான் காவல். குழலை மேசையில் வைக்கும் முன் குமிழை மூடுவது, மூடியதைக் கையால் தொட்டு உறுதி செய்வது என்று ஒரே வரிசையை மாற்றாமல் பழக்கமாக்குவதே தீர்வு. பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் தெரியாது என்பதால் கதவைப் பார்த்து உட்கார வேண்டும், அல்லது எதிரே ஒரு கண்ணாடி மாட்ட வேண்டும். கையில் திராவகமும் நெருப்பும் இருக்கும்போது தோளைத் தொட்டுக் கூப்பிடக் கூடாது என்று கூட இருப்பவர்களுக்குச் சொல்லி வைப்பதும் அவசியம்.

பற்றவைத்ததை நீர்த்த கந்தகத் திராவகத்தில் போட்டால் வெங்காரக் கண்ணாடி கரையும். பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு திராவகம். தண்ணீரில்தான் திராவகத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் தெறிக்கும். இரும்புச் சாமணத்தை உள்ளே விட்டால் வெள்ளியெல்லாம் செம்புப் பூச்சு ஏறும். செம்புச் சாமணம் வைத்திருக்க வேண்டும்.

எனாமல் போடுவதானால் பற்று இல்லாத தனித் துண்டில் போட்டுக் கல்லைப் போலப் பின்னால் பதிக்க வேண்டும், மேலே சொன்ன பற்றுகள் இந்தச் சூட்டில் உருகிவிடும். அரைத்த கண்ணாடிப் பொடியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, நிரப்பி, உலை வாயில் உலர்த்தி, 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒன்றிரண்டு நிமிடம். ஆரஞ்சுத் தோல்போல் புள்ளியிட்ட மேற்பரப்பு கண்ணெதிரே வழுவழுப்பாகும்போது எடுத்துவிட வேண்டும். ஆறும்போது விரிசல் விட்டால் "டிக்" என்று ஒரு ஒலி. கேட்காதவர் மறுநாள் காலை சாய்ந்த வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தால் போதும்.

கல் கடைசியாகத்தான் வரும். ஓப்பலுக்குள் நீர் இருக்கிறது, நெருப்புப் பட்டால் வெடிக்கும். சந்திரகாந்தக்கல் ஃபெல்ட்ஸ்பார் வகை; இரண்டு திசைகளில் பிளவுத் தளம் உண்டு, கடினம் 6-ஐ ஒட்டி. இங்கே நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. இந்த இயக்கத்தாருக்கு மிகப் பிடித்த நீலச்சாயல் சந்திரகாந்தக்கல் இலங்கையிலிருந்து போனது. அந்த இலங்கையில், கொழும்பில், தமிழ்த் தந்தைக்கு 1877-இல் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி, இங்கிலாந்தில் இந்த இயக்கத்து முன்னோடி சி. ஆர். ஆஷ்பியின் கைவினைச் சங்கத்துக்கு அண்டை ஊரான பிராட் கேம்ப்டனில் குடியிருந்தவர்.

கூட்டின் விளிம்பை முதலில் மேல், கீழ், இடம், வலம் என்று எதிரெதிர் நான்கு இடங்களில் தள்ளி, பிறகு இடைவெளிகளை மடக்க வேண்டும். ஒரே பக்கமிருந்து சுற்றிக்கொண்டே வந்தால் மிச்சப் பட்டை கடைசியில் ஒரே இடத்தில் கூடி மடிப்பு விழும். அழுத்தும்போது கல் பிளந்தால் அந்தச் சிறு அதிர்வு தள்ளுகோல் வழியாக உள்ளங்கைக்கு வரும். உருப்பெருக்கியில் பக்கவாட்டில் ஒளி காட்டிப் பார்த்தால் பிளவு ஒரு வெள்ளித் தகடுபோல் மின்னும்.

பதித்த பிறகு கல் ஆடுகிறதா என்று சோதிக்க நகைக்காரர்கள் ஒன்று செய்வார்கள்: நகையைக் காதருகே பிடித்து விரலால் தட்டுவார்கள். கடகடவென்றால் கல் தளர்வு. காது கேளாதவர் பல்குத்தும் குச்சியின் நுனியால் கல்லின் ஓரத்தை நாலு பக்கமும் மெல்லத் தள்ளிப் பார்த்தால் போதும். உண்மையில் இது காதைவிட நம்பகமானது. காது "ஏதோ ஆடுகிறது" என்று மட்டும் சொல்லும். பல கல் வைத்த நகையில் எது ஆடுகிறது என்று குச்சிதான் சொல்லும்.

பட்டறைக்கு வெளியே நிலைமை வேறு. தனிக் கைவினைஞர் பிழைப்பது வாடிக்கையாளரோடு பேசித்தான். அங்கே ஓவியம் பேச்சுக்குப் பதிலாக நின்றது. இந்தப் பள்ளிகளில் நகையை அதே அளவில், வண்ணம் தீட்டி வரையக் கற்றுத் தருவார்கள். கல்லின் நிறமும் கம்பியின் தடிமனும் அதிலேயே தெரியும். காகிதத்தை மேசையில் வைத்தால் வாடிக்கையாளர் விரல் வைத்துச் சொல்வார், ஓரத்தில் விலையையும் எழுதிவிடலாம். பதினைந்தா ஐம்பதா என்ற தகராறு அங்கே எழாது.

நகையில் ஏதாவது தெரியுமா என்று மறுபடி பார்த்தால், செய்தவரின் செவித்திறனைச் சொல்லும் தடயம் எதுவும் இருக்காது. ஒரே கையா பல கைகளா என்பது வேண்டுமானால் பின்பக்கத்தில் தெரியலாம். ஒரே கை செய்ததில் பெரும்பாலும் பின்தகடும் முன்பக்கம் போலவே ராவி முடிக்கப்பட்டிருக்கும், ஊசிக் கொக்கியும் கடையில் வாங்கிய உறுப்பாக இல்லாமல் கம்பியில் வளைத்ததாக இருக்கும். வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும் பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் நங்கூர முத்திரை இல்லாததாலேயே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சிறு நகைகளுக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது. முத்திரை இல்லாமல் பெயரை மட்டும் சொல்லி விற்பவரிடம் நிதானமாக இருங்கள், இந்தப் பாணியில் செய்தவர்கள் நிறையப் பேர்.

அப்படி ஒன்று கையில் கிடைத்துப் பின்னால் சாம்பல் நிறத்தில் மொத்தையாக ஏதாவது ஒட்டியிருந்தால், யாரோ ஈயப் பற்றில் ரிப்பேர் செய்திருக்கிறார்கள். அதை நெருப்பில் காட்டச் சொல்லாதீர்கள். முதலில் ஈயத்தை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், கல்லைக் கழற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் ஊதுகுழல்.